யாழ்ப்பாணத்தில் மைதானம் இருக்கிறதா, இல்லையா? முற்றவெளியில் தொடங்கும் ஒரு விளக்கம்

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ் நகரை அடுத்த தீவான மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். நகரின் நடுவில் துரையப்பா விளையாட்டரங்கு ஏற்கனவே இருக்கிறது. அதன் பக்கத்தில் முற்றவெளி பரந்து கிடக்கிறது. பெரிய பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் சொந்த மைதானம் உண்டு. அப்படியிருந்தும் "பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை" என்ற முறைப்பாடு ஊருக்கு ஊர் கேட்கிறது. இத்தனை இடம் இருக்க இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று பலருக்கும் குழப்பம்.

குழப்பத்துக்குக் காரணம், நான்கு வேறு பொருட்களை நாம் "மைதானம்" என்ற ஒரே பெயரால் அழைப்பதுதான். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் மற்றதெல்லாம் தன்னால் விளங்கும்.

முதலில் சொற்கள்

1. வெளி. யாரும் எந்த நேரமும் நுழையக்கூடிய திறந்த தரை. கோடு இல்லை, வேலி இல்லை. முற்றவெளி இந்த வகை.

2. மைதானம். ஒரு விளையாட்டுக்கென்று மட்டப்படுத்தி, கோடு போட்டு, யாரோ ஒருவர் பொறுப்பெடுத்துப் பராமரிக்கும் தரை. பாடசாலை மைதானங்களும் கழக மைதானங்களும் இதில் சேரும்.

3. அரங்கு. பார்வையாளருக்கு இருக்கையும் சுற்றுமதிலும் கேற்றும் உள்ள இடம். உள்ளே போக அனுமதியோ நுழைவுச்சீட்டோ வேண்டும். துரையப்பா அரங்கு இப்படிப்பட்டது. மண்டைதீவில் வரப்போவதும் இதுதான்.

4. பூங்கா. மர நிழலில் உட்கார, நடக்க, சிறுபிள்ளைகள் ஊஞ்சலாட. பொது நூலகத்துக்குக் கிட்ட உள்ள சுப்பிரமணியம் பூங்கா, சுண்டுக்குளிப் பக்கத்துப் பழைய பூங்கா இரண்டும் இதற்குள் வரும்.

ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. அரங்கு ஒன்று புதிதாக வந்தால் ஊருக்கு ஒரு வெளி கூடிவிட்டது என்று கணக்குப் போட முடியாது.

நகரின் நடுவில் இவ்வளவு வெறுந்தரை எப்படி வந்தது?

முற்றவெளியை விளையாட்டுக்காக யாரும் ஒதுக்கவில்லை. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, கடனீரேரிக் கரையில் கோட்டை எழுப்பினார்கள். 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இடித்துத் திருத்தி, ஐந்து மூலைக் கோட்டையாகக் கட்டினார்கள். பீரங்கிக் காலத்துக் கோட்டை ஒன்றுக்கு முன்னால் மரமோ வீடோ இருக்கக் கூடாது. வருகிற எதிரிக்கு அது மறைவிடம் ஆகிவிடும். ஆகவே மதிலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தரையை வெறுமையாக வைத்தார்கள்.

1795இல் ஆங்கிலேயர் வந்தபோது கோட்டை சண்டையில்லாமலே கைமாறியது. அதன் பிறகு பீரங்கிக்கு வேலையில்லை, வெறுந்தரை மட்டும் மிஞ்சியது. அந்தத் தரையை ஊர் தன் முற்றமாக்கிக்கொண்டது. முனியப்பர் கோயில், மணிக்கூட்டுக் கோபுரம், பொது நூலகம், வீரசிங்கம் மண்டபம், யாழ் மத்திய கல்லூரி, துரையப்பா அரங்கு எல்லாம் இந்த வெளிக்குள்ளோ அதைச் சுற்றியோதான் இருக்கின்றன. நகரத்தார் ஒன்றுகூட வேண்டிய நேரமெல்லாம் கால் தானாக இங்கேதான் வந்தது.

அந்தக் கூடல் எப்போதும் மகிழ்ச்சியாக முடியவில்லை. 1974 ஜனவரி 10ஆம் திகதி நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள். வீரசிங்கம் மண்டபம் கொள்ளாத சனம் வெளியில் திரண்டிருந்தபோது பொலிஸார் கூட்டத்தைக் கலைத்தார்கள். அந்தக் குழப்பத்தில் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கான நினைவுத்தூண்கள் இன்றும் முற்றவெளியில் நிற்கின்றன. யாழ்ப்பாணத்தானுக்கு இந்த வெளி ஏன் வெறும் காணி இல்லை என்று கேட்பவர்கள், ஒரு பின்னேரம் அந்தத் தூண்களைத் தாண்டி நடந்து பார்க்கட்டும்.

எந்த விளையாட்டுக்கு எத்தனை பரப்பு?

நாம் காணி அளக்கும் கணக்கிலேயே இதைப் பார்ப்போம். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். சதுர மீற்றரில் சொன்னால் ஒரு பரப்பு ஏறக்குறைய 253.

1. கரப்பந்தாட்டம். களம் 18க்கு 9 மீற்றர். 162 சதுர மீற்றர், அதாவது ஒரு பரப்புக்குள் அடங்கிவிடும்.

2. வலைப்பந்தாட்டம். 30.5க்கு 15.25 மீற்றர். இரண்டு பரப்பு போதும்.

3. உதைபந்தாட்டம். 100க்கு 64 மீற்றர் என்று வைத்தால் 25 பரப்பு. கோட்டுக்கு வெளியே ஓடி நிற்க இன்னும் கொஞ்சம் வேண்டும்.

4. துடுப்பாட்டம். சர்வதேச விதிப்படி ஆண்கள் போட்டியில் ஆடுகளத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு குறைந்தது 65 யார் தள்ளி இருக்க வேண்டும். வட்டமாக எடுத்தால் குறைந்தது 44 பரப்பு. எல்லையை 75 மீற்றராக்கினால் 70 பரப்பு.

5. 400 மீற்றர் ஓடுபாதை. எட்டுத் தடங்களோடு சுமார் 177க்கு 93 மீற்றர். 65 பரப்பு, நான்கு ஏக்கருக்குச் சற்று மேல்.

இந்த எண்களை வைத்துக் குடாநாட்டின் விளையாட்டு வரைபடத்தையே வாசிக்கலாம். தோட்டக்காணி நெருக்கமாக உள்ள வலிகாமத்தில் கரப்பந்தாட்டம் ஏன் இவ்வளவு செழித்தது? ஆவரங்கால் போன்ற ஊர்கள் ஏன் அதற்குப் பெயர் எடுத்தன? ஒரு பரப்புத் தரை, இரண்டு கம்பம், ஒரு வலை. கோயில் வீதியிலும் போடலாம், சனசமூக நிலையத்தின் பின்வளவிலும் போடலாம். திறமையும் உழைப்பும் அந்த ஊர்களுடையவை. ஆனால் அவை வேர்விட இடம் கிடைத்ததற்குக் களத்தின் அளவும் ஒரு காரணம். கிளித்தட்டும் அப்படித்தான், ஒரு தடியால் மண்ணில் கோடு கீறினால் ஆட்டம் தொடங்கிவிடும்.

துடுப்பாட்டம் எதிர்ப்பக்கம். 44 பரப்பை ஒரே துண்டாக வைத்திருக்கத் தனி ஊரால் முடியாது, மிஷன் பாடசாலைகளால் முடிந்தது. அதனால்தான் இங்கே அதன் வரலாறு கல்லூரிகளின் வரலாறாகவே இருக்கிறது. யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான "வடக்கின் பெரும் போர்" 1904இல் தொடங்கியது. புனித பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் "பொன் அணிகளின் போர்" 1917இல் தொடங்கியது.

இன்னொன்றும் தெளிவாகும். ஓடுபாதைக்கு உள்ளே உதைபந்துக் களம் பொருந்தும், துடுப்பாட்டக் களம் பொருந்தாது. ஆகவே துரையப்பா அரங்கு ஓட்டத்துக்கும் உதைபந்துக்கும் ஆனது, பெரும் போருக்கு மத்திய கல்லூரி மைதானம் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

விரிப்பில் ஆடுவதென்றால் என்ன?

பெரும் போர் மார்ச் மாதத்தில் வருவதற்குக் காரணம் வானிலை. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். ஜனவரியில் தரை காயத் தொடங்கும், அப்போது பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள். மார்ச்சில் தரை இறுகி, புல் இன்னும் பச்சையாக இருக்கும். ஏப்ரல் தாண்டினால் வெயில் பொசுக்கும்.

வடக்கின் துடுப்பாட்டம் நீண்ட காலம் பெரும்பாலும் விரிப்பின் மேல் வளர்ந்தது. இறுக்கிய தரையின் மேல் நீளமான தும்பு விரிப்பை உருட்டி விரிப்பார்கள். ஒரு முனையில் ஆணி அறைந்து, மறுமுனையை நாலைந்து பேர் பிடித்து இழுத்து, சுருக்கம் போன பிறகு பக்கவாட்டில் ஆணி அறைந்துகொண்டே போவார்கள். ஒரு மூலை தளர்ந்தாலும் பந்துவீசுபவரின் கால் சிக்கும். எனவே ஆட்டம் தொடங்கு முன் ஒருவர் சப்பாத்தால் ஓரம் முழுவதையும் மிதித்துப் பார்த்துக்கொண்டே வருவார். பின்னேரம் ஆணிகளைப் பிடுங்கித் தகரப் பேணிக்குள் போட்டு எண்ணுவார்கள். புல்லுக்குள் ஓர் ஆணி கிடந்தாலும் அடுத்த நாள் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கு ஆபத்து.

விரிப்பில் பந்து உயரமாகவும் ஒரே சீராகவும் எழும். சுழற்பந்து நன்றாகப் பிடித்துத் திரும்பும். புல்தரை ஆடுகளத்தில் பந்து தாழ்ந்து வரும்; காலையில் ஈரத்தில் அலையும், மூன்றாம் நாள் வெடிப்பில் பட்டு எகிறும். விரிப்பில் மட்டும் வளர்ந்த பிள்ளை கொழும்புக்குத் தெரிவுப் போட்டிக்குப் போனால் தன் கண்ணையும் காலையும் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும். இந்தத் தடையைத் தாண்டியவர்களில் ஒருவர் விஜயகாந்த் வியாஸ்காந்த். மத்திய கல்லூரியில் ஆடத் தொடங்கிய இந்த லெக் ஸ்பின்னர் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக ஆடினார். 2024இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்கு ஆடினார். அவருக்கு முன்னும் பின்னும் அந்தத் தடையில் நின்றுபோன பிள்ளைகளை நினைத்தால் மனம் பாரமாகிறது. மண்டைதீவுத் திட்டத்தின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நல்ல புல்தரை ஆடுகளங்களும், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த கைகளும் வடக்கிலேயே உருவாகும்.

துரையப்பா அரங்கு: மூடியிருந்த காலம்

அரங்கின் பெயர் அல்பிரட் துரையப்பாவுடையது. யாழ் மாநகர முதல்வராகவும் 1960இலிருந்து 1965 வரை பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

போர்க்காலத்தில் கோட்டையைச் சுற்றிய பகுதி முழுவதும் முற்றுகைக்கும் குண்டுக்கும் இடையில் சிக்கியது. 1999இல் அரங்கைத் திருத்துவதற்காக மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பிள்ளைகள் ஓட வேண்டிய தரைக்குக் கீழே யாருடையவோ பிள்ளைகள் புதைக்கப்பட்டிருந்தார்கள். இதை ஒரு வரியில் கடந்து போக மனம் வரவில்லை. ஆனாலும் விளையாட்டு பற்றிய கட்டுரை இதைச் சொல்லாமல் போனால் அந்த மைதானத்தின் கதை பொய்யாகிவிடும்.

பிறகு இந்திய அரசின் சுமார் ஏழு கோடி இந்திய ரூபா உதவியோடு அரங்கு புதுப்பிக்கப்பட்டது. 2016 ஜூன் 18ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்திலிருந்தும், பிரதமர் நரேந்திர மோடி டில்லியிலிருந்து காணொளி வழியாகவும் திறந்து வைத்தார்கள். 1,850 பேர் உட்காரலாம்.

நகரத்துக்கு வெளியே இழப்பு வேறு மாதிரி நடந்தது. வலிகாமம் வடக்கில் 1990இல் சனம் இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு கோயில் வீதிகளும் பாடசாலை மைதானங்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. இருபது வருடங்களுக்கு மேல் மைதானம் இல்லாத ஒரு கழகம் என்ன ஆகும்? பெயர்ப்பலகையும் பழைய கிண்ணங்களும் இருக்கும். ஆடிக் காட்டிப் பழக்க மூத்தவர் இருக்கமாட்டார். காணி திரும்பக் கிடைத்தாலும் அந்த இடைவெளி உடனே நிரம்புவதில்லை.

கடற்கரையில் உதைபந்து

உதைபந்தாட்டத்துக்கு 25 பரப்பு வேண்டும் என்று பார்த்தோம். அது எங்கே கிடைத்தது? குருநகர் பாடுமீன், நாவாந்துறை சென். மேரிஸ், பாசையூர் சென். அன்ரனீஸ் என்று பெயர் பெற்ற கழகங்களைப் பாருங்கள். மீன்பிடிக் கரையோரங்கள், பெரும்பாலும் ஒரு தேவாலயத்தின் நிழலில். தேவாலய வளவும் கரையோர வெளியும் தரையைத் தந்தன. கடற்தொழில் நேரத்தைத் தந்தது. இரவு கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வந்தவருக்குப் பின்னேரம் சொந்தமானது.

இந்தக் கழகங்களை விளையாட்டுக் குழு என்று மட்டும் நினைத்தால் பாதிதான் விளங்கும். செத்தவீட்டுக்குப் பந்தல் போடுவதும், வெள்ளத்தில் சமைத்துக் கொடுப்பதும், சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வருவதும் அதே பொடியன்கள்தான். விவசாய ஊர்களில் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் இதையே செய்கின்றன: முன்னால் பத்திரிகை வாசிக்கும் வாங்கு, பின்னால் கரப்பந்து வலை, சித்திரைப் புத்தாண்டுக்கு முட்டி உடைத்தலும் வழுக்குமரமும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் மின்னொளிக்கும் கிண்ணத்துக்கும் உதவுகிறது. ஆனால் பின்னேரம் நாலரைக்கு வந்து வலை கட்டும் ஆளைப் பணத்தால் அனுப்ப முடியாது.

இடத்தை விட நேரம்தான் குறைவு

"இடமில்லை" என்ற முறைப்பாட்டின் நடுப்புள்ளிக்கு வந்துவிட்டோம். ஒரு பாடசாலைப் பிள்ளையின் நாளை எடுங்கள். ஒன்றரைக்குப் பாடசாலை விடும். அந்த வெயிலில் விளையாட முடியாது. மூன்று மணிக்கு ரியூசன். பொழுது நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே படும், ஜூலையில் ஆறரை தாண்டிப் படும். விளையாடக்கூடிய நேரம் நாலரைக்கும் பொழுதுபடுவதற்கும் இடையில். அதிலும் பாதியை ரியூசன் எடுத்துக்கொள்ளும்.

அந்த ஒன்றரை மணிநேரத்தில் கேற் திறந்திருக்கிறதா? பாடசாலை மைதானம் பாடசாலைக்கு. அதன் அணியில் இல்லாத பிள்ளைக்கும் படிப்பு முடித்தவருக்கும் கேற் பூட்டு. அரங்குக்கு முன்அனுமதி வேண்டும். முற்றவெளியில் வருட முற்பகுதியில் வர்த்தகக் கண்காட்சிக் கூடாரங்கள் எழும்பும். இசை நிகழ்ச்சி வந்தால் மேடையும் கம்பி வேலியும். 2024 பெப்ரவரி 9ஆம் திகதி ஹரிஹரனின் நிகழ்ச்சிக்கு வந்த கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு போனது பலருக்கும் நினைவிருக்கும். கண்காட்சியும் இசையும் நகரத்துக்குத் தேவைதான். ஆனால் லொறி ஏறி இறங்கிய தரை சமனாவதற்கு மாதங்கள் எடுக்கும்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் இறுக்கம். இலங்கை வலைப்பந்தாட்டத்தின் பெரிய பெயர் தர்ஜினி சிவலிங்கம், புன்னாலைக்கட்டுவன் ஈவினையைச் சேர்ந்தவர். 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் ஆடியவர். தெல்லிப்பழை மகாஜனாவிலிருந்து அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை வைத்தார். இவர்களின் ஊர்களிலேயே, பாடசாலை முடித்த ஒரு பெண் பின்னேரம் போய் விளையாடக் கழக மைதானம் ஒன்று உண்டா? வலைப்பந்துக் களத்துக்கு இரண்டு பரப்புப் போதும். அது இல்லாததற்குக் காணித் தட்டுப்பாட்டைக் காரணம் சொல்ல முடியாது.

தண்ணீரையும் மறக்கக் கூடாது

குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் மழைநீர்தான் கிணற்றில் வருகிறது. கரையோரத்தில் கூட இறைத்தால் உவர் ஏறும். 65 பரப்புத் தரையை ஒரு முறை ஐந்து மில்லிமீற்றர் நனைக்க 82,000 லீற்றர் வேண்டும், அதாவது 8,000 லீற்றர் பவுசர் பத்து. வெயில் காலத்தில் இதை வாரம் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். திறப்பு விழாவில் பச்சையாக இருந்த புல் ஓகஸ்டில் மண்ணாகப் போவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

சரி, மண்டைதீவு எதைத் தரும், எதைத் தராது?

தரக்கூடியவை: புல்தரை அனுபவம், பெரிய போட்டிகளைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு, பராமரிப்புத் தொழில் தெரிந்த ஆட்கள். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். மத்திய கல்லூரி மாணவராக இருந்தவர். பெரிய வாசல் ஒன்று திறந்தால் இங்கத்தைய பிள்ளை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தராதது: சுன்னாகத்துப் பிள்ளைக்கு ஒரு பின்னேரம். பஸ் மாறி, பண்ணைப் பாலம் தாண்டி, அனுமதி வாங்கி அங்கே யாரும் அன்றாடம் விளையாடப் போவதில்லை. அதைத் தர வேண்டியவை மாநகர சபையும் நகர சபைகளும் பிரதேச சபைகளுமாக மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி சபைகள், பாடசாலைகள், கோயில்கள், கழகங்கள். ஆகவே எந்த மைதானத் திட்டம் பற்றிச் செய்தி வந்தாலும், செலவுத் தொகையைப் பார்ப்பதற்கு முன் இந்த நான்கையும் கேட்கலாம்:

1. வார நாளில் நாலரை முதல் ஆறரை வரை கேற் யாருக்குத் திறக்கும்?
2. வெயில் மாதங்களில் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து, யார் செலவில்?
3. பெண்களுக்கு ஒதுக்கிய களமும் நேரமும், உடைமாற்றும் அறையும் வரைபடத்தில் உண்டா?
4. திறப்பு விழா முடிந்த அடுத்த வருடம் தரையைப் பார்க்கச் சம்பளம் பெறும் ஆள் யார்?

நான்காவது கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடிந்தால், மற்ற மூன்றுக்கும் பதில் அந்த ஆளிடமே கிடைக்கும். கேற்றின் திறப்பு அவர் கையில்தான் இருக்கும்.